வேகமான கார்களும் பைக்குகளும் ஓட்டியதில் உங்களால் மறக்க முடியாத அனுபவம் எது?

நான் வண்டி ஓட்டியதிலேயே உச்ச வேகம் மணிக்கு 238 கிலோமீட்டர். அது ஒரு காரில், ஜெர்மனியின் ஆட்டோபான் என்கிற நெடுஞ்சாலையில். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் அது என் நினைவுக்கு வரவே இல்லை. முதலில் வந்தது டூ-ஸ்ட்ரோக் ஆயில் எரிகிற வாசனைதான். அந்தப் பழைய பைக்கில் நான் 130-ஐத் தாண்டிய நாட்கள் குறைவு. இருந்தாலும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது எனக்கு 22 வயது. அண்ணனின் நண்பர் ஒருவர் தன்னுடைய யமஹா ஆர்டி 350-ஐ விற்கப்போவதாகச் சொன்னதும், சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் சாவியை உடனே கொடுத்துவிடவில்லை. என்னைப் பின்னால் உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிப்போனார். இறங்கியபோது ஒன்றே ஒன்று சொன்னார்: “தம்பி, இதுல ரெண்டு வண்டி இருக்கு. ஆறாயிரம் ஆர்.பி.எம்.முக்குக் கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. மேல இருக்கறதைப் பழகிக்க ஆறு மாசம் எடுத்துக்கோ.” ஆர்.பி.எம். என்றால் என்ஜின் ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு.

347 சிசி, இரண்டு சிலிண்டர், ஆறு கியர். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வண்டி வந்தபோது அதன் சக்தி 39 குதிரைத்திறன். இன்றைக்கு இது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் சக்தி எவ்வளவு என்பதைவிட அது எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நிறுத்தி வைத்து ஓடவிட்டால், தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். மெதுவாகப் போனால் கொஞ்சம் திக்கித் திணறும், புகை விடும், அலுப்பாகக்கூட இருக்கும். மூன்றாவது கியரில் முறுக்கிப் பிடித்தால் முள் ஐயாயிரம் வரை சாதாரணமாக ஏறும். ஆறாயிரத்தைத் தொட்ட நொடியில் அந்தக் கோலிக்குண்டுச் சத்தம் நின்று, புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழிக்கிற சத்தமாக மாறும். ஹேண்டில்பார் கையில் லேசாகும். யாரோ பின்னாலிருந்து முதுகெலும்பில் கை வைத்துத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வேகமான வண்டிகளை ஓட்டிவிட்டேன். அந்தத் தள்ளல் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

அந்தத் தள்ளல் எங்கிருந்து வந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினில், புகை வெளியே போகும் வாசல் மூடுவதற்கு முன்பே புதிய பெட்ரோல் கலவை உள்ளே வந்துவிடும். அதில் கொஞ்சம் எரியாமலே புகையோடு வெளியே ஓடிவிடும். ஓடிப்போனதைத் திருப்பி உள்ளே தள்ளுவதற்காகத்தான் அந்தச் சைலன்சர் குழாய் நடுவில் வயிறு பெருத்து, கடைசியில் குறுகுகிறது. குறுகும் இடத்தில் மோதித் திரும்புகிற அழுத்த அலை, வாசல் மூடுவதற்குள் வந்து சேர்ந்தால், தப்பிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் அடைத்துவிடும். அலை சரியான நேரத்துக்கு வந்து சேர்வது குறிப்பிட்ட ஆர்.பி.எம். அளவுக்குள் மட்டுமே. அதனால்தான் ஒரு வண்டிக்குள் இரண்டு வண்டி.

இந்தக் குழாயின் கணக்கை ஐம்பதுகளில் பந்தய வண்டிகளுக்காக உட்கார்ந்து தீர்த்தவர் வால்டர் காடன். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட் நிறுவனத்தின் பொறியாளர். அவருடைய வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் ஸ்வீடனில் பந்தயத்துக்கு வந்த இடத்திலிருந்தே மேற்குப் பக்கம் தப்பிவிட்டார். அவரோடு அந்த ரகசியமும் சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தது. மறு வருடமே, 1962-இல், 50 சிசி உலகச் சாம்பியன் பட்டத்தை டெக்னர் சுசுகிக்கு வாங்கிக் கொடுத்தார். பின்னால் வந்த வேகமான டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் எல்லாவற்றுக்கும் காடனின் அறிவு அடியில் இருக்கிறது. காடனை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். கணக்கைப் போட்டவர் அவர், கோப்பை போனது வேறு இடத்துக்கு.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். வாங்கி நாலைந்து மாதத்தில் எனக்கு ஆசை முற்றிவிட்டது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டரின் வாயில் நேராகச் சின்ன ஃபில்டர்களை மாட்டினேன். சத்தம் இன்னும் நன்றாக இருந்தது, பிக்கப் கூடியதாகவும் தோன்றியது. காற்று அதிகமாகப் போனால் பெட்ரோலும் அதற்கேற்ப அதிகமாகப் போக வேண்டும், அதற்கு பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற சின்னத் துளையான ஜெட்டை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லத்தான் செய்தார். அடுத்த வாரம் பார்த்துக்கலாம் அண்ணே என்று வந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில், விடிந்தும் விடியாத நேரம், எதிரே யாருமே இல்லாத நீளமான நேர் ரோடு. ஆறாவது கியரில் ஐந்தாறு நிமிடம் முழுதாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். தூரத்தில் வளைவு தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டேன். டூ-ஸ்ட்ரோக்கில் செய்யக் கூடாத காரியம் இதுதான். பெட்ரோலும், அதோடு கூடவே போய் பிஸ்டனை வழுக்க வைக்கிற ஆயிலும் ஏறக்குறைய நின்றுபோகும், ஆனால் வண்டியின் வேகத்தில் பிஸ்டன்கள் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே காற்று கூடிப்போய்ச் சூடேறிக் கிடந்த பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது.

சத்தமாக ஒன்றும் நடக்கவில்லை. ‘க்ரீச்’ என்று ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான். அதற்குள் பின் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது. வண்டியின் பின்பாகம் ஒரு பக்கமாக நழுவ ஆரம்பித்தது. இடுப்புக்குக் கீழே வண்டி எங்கேயோ தனியாகப் போகிற உணர்வு. எப்படி என்றே தெரியாமல் கிளட்சைப் பிடித்தேன். பிடித்ததும் சக்கரம் விடுபட்டு, வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நேரானது. என்ஜின் இல்லாமல் காற்றின் சத்தம் மட்டும் கேட்க, இருநூறு முந்நூறு மீட்டர் உருண்டு ஓரத்தில் நின்றேன். இறங்கிப் பார்த்தால் ரோட்டில் என் பின் டயர் எழுதிய கறுப்புக் கோடு, முதலில் நேராக, பிறகு ஒரு சின்ன வளைவாக, பிறகு சட்டென்று முடிந்து கிடந்தது. அந்தக் கோடு முடிந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ஜின் ஆறும்போது ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

கம்பெனி கொடுத்தபடியே விட்டிருந்தால் அந்த என்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கெடுத்தவன் நான். மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனின் பக்கவாட்டில் தேய்ந்து அப்பியிருந்த அலுமினியத்தை விரலால் தொட்டுக் காட்டினார். திட்டவில்லை. “இனிமே இழுத்துப் பிடிச்சுப் போனா ரெண்டு விரல் கிளட்ச் மேலயே இருக்கட்டும்” என்றார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டினோம்.

பைக்கில் நான் கற்றுக்கொண்ட இன்னொரு விஷயமும் அதே வண்டியில்தான். கொஞ்சம் வேகத்துக்கு மேல் போய்விட்டால் பைக் இடது பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். கேட்டால் தலைகீழாகத் தெரியும். தள்ளும்போது முன் சக்கரம் ஒரு கணம் வலது பக்கம் போகும், அதனாலேயே வண்டி இடது பக்கம் சாயும், சாய்ந்ததும் இடது பக்கம் திரும்பும். சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் தெரியாமலே இதைத்தான் செய்கிறார்கள். விமானம் செய்வதற்கு முன்பு சைக்கிள் தொழிலில் இருந்த வில்பர் ரைட் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் வலது வளைவு ஒன்றில் அதிக வேகத்தோடு நுழைந்துவிட்டேன். வெளி ஓரத்தில் வெள்ளையடித்த ஒரு கல். கண் அந்தக் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. கண் எங்கேயோ வண்டி அங்கேதான் போகும், கல் பெரிதாகிக்கொண்டே வந்தது. வலது உள்ளங்கையால் கைப்பிடியைத் தள்ளியதும், கண்ணைக் கல்லிலிருந்து பிய்த்து வளைவின் கோடிக்குக் கொண்டுபோனதும் ஒரே நேரத்தில் நடந்தன. வண்டி சாய்ந்து, ஃபுட்ரெஸ்ட் ரோட்டில் உரசிக்கொண்டே திரும்பியது. வேகத்தைக் குறைத்திருந்தால் அந்த வளைவு ஒன்றுமே இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஒரு தள்ளல்தான் என்னை ரோட்டிலேயே வைத்தது.

அப்புறம் சுசுகியின் ஹயபூசா பைக். பல வருடம் கழித்து, ஒரு ரேஸ் டிராக்கில், நண்பனுடைய வண்டி. 1999-இல் அது வந்தபோது 300-ஐத் தாண்டும் என்று உலகமே அதிர்ந்தது. தலைகீழாகப் பாய்கையில் மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற வல்லூறுவின் பெயர்தான் அது, ஜப்பானிய மொழியில். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் பைக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி 299-ஓடு நிறுத்திக்கொண்டன. 1299 சிசி என்ஜின், முதல் கியரிலேயே நூறைத் தாண்டிவிடும். பயந்துகொண்டே ஏறினேன், ஆனால் அது அவ்வளவு பணிவான வண்டி. எந்த ஆர்.பி.எம்.மில் கேட்டாலும் கொடுத்தது. நேர்பாதையில் 210 வரை போனேன்.

அங்கே எனக்கு மறக்காதது காற்று. கண்ணாடிக்குப் பின்னால் குனிந்திருந்த வரை அமைதி. பிரேக் பிடிக்க நிமிர்ந்தபோது நெஞ்சில் யாரோ மெத்தையால் அடித்த மாதிரி. ஹெல்மெட் மேலே தூக்கி, தாடைக்குக் கீழே வார் கழுத்தை இழுத்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும் என்று படித்திருக்கிறேன். அதாவது 100-ல் இருந்ததைப் போல 200-ல் நாலு மடங்கு. அதைக் கழுத்தால் உணர்ந்தது அன்றைக்குத்தான்.

பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரத்திலும் அதே நாலு மடங்குதான். நல்ல டயர், காய்ந்த ரோடு, முழு பிரேக் என்றே வைத்துக்கொள்வோம். 100-ல் போகிறவருக்கு, ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகிற ஒரு நொடியையும் சேர்த்து, நிற்க ஏறக்குறைய 75 மீட்டர் வேண்டும். 200-ல் போகிறவருக்கு ஏறக்குறைய 250 மீட்டர். அந்த 75-வது மீட்டரில் முதல் வண்டி நின்றுவிட்டது. இரண்டாவது வண்டி அதே இடத்தைக் கடக்கும்போது இன்னும் ஏறக்குறைய 190-ல் போய்க்கொண்டிருக்கும். இதை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு, பொது ரோட்டில் பைக்கில் இழுத்துப் பிடிப்பதை நான் விட்டுவிட்டேன். டிராக்கில் எதிரே லாரி வராது, குறுக்கே குழந்தை ஓடாது. வேகத்தை விரும்புகிறவர்கள் அங்கே போக வேண்டும் என்று இன்றைக்கும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

இனி அந்த 238. ஆட்டோபானில் வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதிகள் உண்டு. அங்கேயும் 130-தான் பரிந்துரைக்கப்பட்ட வேகம், 1978-லிருந்து. வலது பக்கமாக முந்தக் கூடாது என்பதை எல்லோரும் மதிக்கிறார்கள், அதனால்தான் அந்த வேகமே அங்கே சாத்தியமாகிறது. வாடகைக்கு எடுத்த பெரிய கார், மூன்று தடங்கள், காலி ரோடு. மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். 180, 200, 220. வண்டி ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது. உள்ளே பேசினால் கேட்கிறது. 238-ல் தூரத்தில் ஒரு லாரி இன்டிகேட்டர் போட்டது, நான் காலை எடுத்தேன். அவ்வளவுதான் கதை. பயமும் இல்லை, பரவசமும் இல்லை. ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த களைப்பு மட்டும் இருந்தது.

அன்றைக்கு நினைவில் நின்றது அதற்குப் பிறகு நடந்ததுதான். வெளியேறும் வழிக்காக பிரேக் பிடித்தேன். வண்டி ஊர்வது போல இருந்தது, நடந்தே போய்விடலாம் போல. பின்னால் வருகிறவர் கோபப்படுவாரோ என்று கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தற்செயலாக மீட்டரைப் பார்த்தால் 110. வளைவுக்கு எழுதியிருந்தது 60. உடம்பு என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நம் உடம்புக்கு வேகம் தெரியாது, வேகம் மாறுவது மட்டும்தான் தெரியும். ஒரே சீராகப் போனால் எவ்வளவு வேகமும் சில நிமிடத்தில் பழகிப்போய்விடும். விமானத்தில் எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் தூங்குகிறோமே. 238 ஏன் என் மனதில் ஒட்டவில்லை, ஆர்டி ஏன் ஒட்டியது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். ஆர்டியில் ஒவ்வொரு நொடியும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருந்தது.

காரில் எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது மஸ்டா எம்.எக்ஸ்-5-ல். 1989-இல் வந்த முதல் தலைமுறை. 1.6 லிட்டர் என்ஜின், ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடை, பின் சக்கர இழுவை, இரண்டே இருக்கை. குதிரைத்திறனைப் பார்த்தால் வேகமான கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சக்கரம் எதன் மேல் ஏறுகிறது, எந்த டயரில் எவ்வளவு பிடிமானம் மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் ஸ்டியரிங் வழியாக விரலுக்கும், இருக்கை வழியாக இடுப்புக்கும் வந்துகொண்டே இருக்கும். கியர் லீவர் மணிக்கட்டை அசைத்தாலே போதும், அடுத்த கியரில் போய் விழும்.

ஒரு பயிற்சி நாளில், டிராக்கில், மழை. பக்கத்தில் பயிற்சியாளர். நீண்ட இடது வளைவின் நடுவில் பின்பாகம் லேசாக அசைந்தது. பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டேன். எடுத்ததும் எடை முழுக்க முன்னால் போய்விட்டது, பின் டயர்களை அழுத்திப் பிடிக்க ஒன்றும் இல்லை. உலகம் இடமிருந்து வலமாக ஒருமுறை ஓடியது. தடுப்புச் சுவர், புல், வானம் இல்லாத சாம்பல் நிறம், மறுபடி தடுப்புச் சுவர். கார் வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. என்ஜின் நின்றுவிட்டது. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, துணிக் கூரையில் மழை விழுகிற சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. எங்கேயும் இடிக்கவில்லை.

பயிற்சியாளர், காலை ஏன் எடுத்தாய் என்று கேட்டார். பயம் என்றேன். “பயம் வரும். கால் அதைக் கேட்கக் கூடாது, கண் எங்கே போகணுமோ அங்கே இருக்கணும், கை கண்ணோட போகும்” என்றார். அதே வளைவை மறுபடி மறுபடி எடுக்க வைத்தார், அதே மழையில். ஏழாவதோ எட்டாவதோ சுற்றில் பின்பாகம் அசைந்தபோது, காலை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை வழுக்கும் பக்கமாக ஒரு விரற்கடை திருப்பினேன். கார் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி அடங்கி, வளைவை முடித்துக்கொண்டு நேரானது. வேகம் எழுபதுதான் இருக்கும். சத்தமாகச் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். வாழ்க்கையில் நான் நன்றாக ஓட்டிய ஐந்து நொடி அது.

மின்சாரக் கார்களும் ஓட்டிப் பார்த்தேன். நூறைத் தொட மூன்று நொடி என்கிறார்கள், உண்மைதான், தலை பின்னால் போய் இடிக்கிறது. இரண்டாவது முறை அழுத்தும்போது ஆச்சரியம் பாதியாகிவிடுகிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அதுவே பிடித்த நினைவாக இருக்கும், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அந்த ஆர்டி இப்போது என்னிடம் இல்லை. வாங்கியவருக்கு ஏர் ஃபில்டர் கதையை முழுதாகச் சொல்லி, ஜெட் அளவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினேன். இப்போது ஓட்டுவது சாதாரணமான ஃபோர்-ஸ்ட்ரோக் பைக், எவ்வளவு நேரம் முறுக்கினாலும் அதன் பிஸ்டன் அப்படிப் பிடித்துக்கொள்ளாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் நேர் ரோட்டில் கொஞ்ச நேரம் ஒரே சீராகப் போனால், நான் கேட்காமலே என் இடது கையின் இரண்டு விரல்கள் போய் கிளட்ச் மேல் உட்கார்ந்துகொள்கின்றன.